சங்கமா, ஏரியா சபையா, கேஸா, கூட்டமைப்பா? வட சென்னையில சேர்ந்து வேலை செய்ய எந்த வழி எடுக்குறது

நம்ம ஏரியாவுக்கு என்ன வரணும், என்ன வரக்கூடாதுன்னு நாமளே உக்காந்து பேசி முடிவு பண்ணனும்ங்குற எண்ணம் இப்ப கொடுங்கையூர்ல இருந்து எண்ணூர் வரைக்கும் நிறைய பேருக்கு வந்திருக்கு. ஆனா எங்க கூடினாலும் கொஞ்ச நேரத்துல பேச்சு ஒரே இடத்துல வந்து நின்னுடுது: சரி சேர்ந்தாச்சு, அடுத்து எந்த வழியா போறது? ஒரு அண்ணன் முதல்ல சங்கத்த ரிஜிஸ்டர் பண்ணுவோம்ங்குறாரு, இன்னொருத்தர் ஏரியா சபையில கவுன்சிலர வச்சுக் கேப்போம்ங்குறாரு, ஒரு அக்கா இதெல்லாம் இழுத்துக்கிட்டே போகும், நேரா சுற்றுச்சூழல் கேஸ விசாரிக்கிற பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போயிடலாம்னு சொல்றாங்க, பசங்க வேற ஆளுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சிடுறாங்க. எல்லாத்தையும் ஒரே நேரத்துல தூக்கிப் போட ஷிப்ட்டு வேலைக்குப் போறவங்களுக்கும் விடியக்காலையில கடலுக்குப் போறவங்களுக்கும் நேரம் கிடையாது. அதனால ஒவ்வொரு வழியும் எதுக்கு உதவும், எங்க கைய விரிக்கும்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் இங்க எழுதுறேன்.

இத இப்பவே பேசணும்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2023-24 பட்ஜெட்ல வட சென்னை வளர்ச்சித் திட்டம்னு 1,000 கோடி அறிவிச்சாங்க, 2024 மார்ச்ல அது 4,181 கோடியா ஆரம்பிச்சுது. வட சென்னைக்கு காசே ஒதுக்க மாட்டாங்கன்னு பல வருஷமா சொல்லிட்டு இருந்தோம், இப்ப காசு வரும்போது எந்த வேலை முதல்ல, எந்த வேலை வேணவே வேணாம்னு சொல்ல ஊருக்குள்ள தயாரா ஒரு கூட்டம் இருக்கணும். அது இல்லன்னா பஸ் ஸ்டாண்டும் மார்க்கெட்டும் பளபளன்னு ஆகும், அது நல்லதுதான் வேணாம்னு சொல்லல, ஆனா பக்கத்துலயே புகையும் சாம்பலும் அப்படியே இருக்கும்.

முதல்ல நலச் சங்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ல வருது, ஏழு பேர் இருந்தா ஆரம்பிச்சிடலாம், பைலா (சங்கத்தோட விதிகள்) எழுதி பதிவாளர் ஆபீஸ்ல கொடுத்து நம்பர் வாங்கணும். லெட்டர்பேடு, சீல், பேங்க் அக்கவுண்ட் இதெல்லாம் கையில வந்துடும், தனி ஆளா மனு கொடுத்தா "பாக்குறோம்"னு அனுப்பிடுறவங்க சங்கத்து லெட்டர்பேடுல போனா ரிசீவ்டு சீல் போட்டுக் கொடுக்குறாங்க. இதோட பெரிய பலம் வேற ஒண்ணு. 2016 கடைசியில இருந்து 2022 பிப்ரவரி தேர்தல் வரைக்கும் சென்னை மாநகராட்சியில கவுன்சிலரே கிடையாது, அதிகாரிங்க மட்டும்தான் ஓட்டுனாங்க, அந்த மாதிரி வருஷத்துலயும் சங்கம் இருக்கும், தேர்தல் நடக்கலன்னு அது கலையாது.

குறை என்னன்னா நம்ம பக்கத்துல பல சங்கம் வீட்டு ஓனருங்க சங்கமாவே ஓடுது. வட சென்னையில ஒரு வீட்டுல நாலு போர்ஷன் இருந்தா மூணுல வாடகைக்கு இருப்பாங்க, அந்த மூணு வீட்டுப் புள்ளைங்களும்தான் அதே புகைய சுவாசிக்குது, ஆனா மீட்டிங்குக்கு கூப்பிட மாட்டாங்க. வாரியக் குடியிருப்புல இருக்குறவங்க தனி, குப்பத்துல இருக்குறவங்க தனி, லே-அவுட்ல மனை வாங்கி வீடு கட்டுனவங்க தனின்னு ஆயிடுது. நீங்க புதுசா சங்கம் ஆரம்பிக்கிறீங்கன்னா பைலாவுலயே "இந்தத் தெருவுல குடியிருக்குற பதினெட்டு வயசு ஆன யாரும் உறுப்பினர்"னு எழுதிடுங்க, ஓனர்னு ஒரு வார்த்தை கூட வேணாம். அப்புறம் வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணனும், அத விட்டுட்டா நாலு வருஷம் கழிச்சு அவசரத்துக்கு சங்கம் பேர்ல ஒண்ணு பண்ணனும்னா பதிவு உயிரோட இருக்காது.

ரெண்டாவது ஏரியா சபை. இது நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது, தெரிஞ்சவங்களும் அது கவுன்சிலர் ஆளுங்க கூட்டம்னு விட்டுடுறாங்க. 1992ல வந்த 74வது அரசியல் சட்டத் திருத்தத்துலயே மூணு லட்சம் மக்களுக்கு மேல இருக்குற ஊர்ல வார்டு கமிட்டி வேணும்னு இருக்கு, தமிழ்நாட்டுல அதுக்கு விதி எழுத 2022 ஆயிடுச்சு, அந்த வருஷம் நவம்பர் 1 அன்னைக்கு உள்ளாட்சி தினத்துல ஏரியா சபைங்கள ஆரம்பிச்சாங்க. சென்னையில ஒரு வார்ட பத்து ஏரியாவா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சபை, அந்த ஏரியா வோட்டர் லிஸ்ட்ல பேர் இருக்குற எல்லாருமே அதுல உறுப்பினர், யாரும் நம்மள சேத்துக்கணும்னு அவசியமே இல்ல. வருஷத்துக்கு நாலு தடவ கூடணும்: ஜனவரி 26, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10.

தெரு விளக்கு, கால்வாய் அடைப்பு, குழாய்ல கலங்கல் தண்ணி, குப்பை வண்டி வராதது, பள்ளிக்கூட சுவர், பொதுக் கழிப்பிடம், இந்த மாதிரி விஷயத்துக்கு இத விட நல்ல இடம் கிடையாது. ஏன்னா அங்க பேசுனது மினிட்ஸ்ல (கூட்டக் குறிப்புல) ஏறுது, ஏறுனா அடுத்த கூட்டத்துல "போன தடவ சொன்னது என்ன ஆச்சு"ன்னு கேக்கலாம். மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணி வாங்குற கம்ப்ளைன்ட் நம்பரையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வச்சு கூட்டத்துக்கு எடுத்துட்டு போங்க, அதே கால்வாய் அடைப்புக்கு எத்தன தடவ நம்பர் வாங்கிருக்கோம்னு தேதியோட படிச்சுக் காட்டுனா இஞ்சினியரால பேச்ச மாத்த முடியாது.

ஆனா சபையோட பிரதிநிதிய மக்கள் தேர்ந்தெடுக்கல, நியமனம்தான். வார்டு கமிட்டிக்கு தலைவர் கவுன்சிலர். பல இடத்துல கூட்டம் நடந்ததே அடுத்த வாரம்தான் தெரியுது. கொசஸ்தலை ஆத்துக்கு அந்தப் பக்கம் மீஞ்சூர் ஒன்றியத்துல இருக்குற அத்திப்பட்டு, காட்டுப்பள்ளி மாதிரி ஊராட்சிங்களுக்கு கிராம சபை இருக்கு, அங்க தீர்மானம் போட்டா அதுக்கு ஒரு மதிப்பு இருக்கு, இந்தப் பக்கம் மாநகராட்சிக்குள்ள வந்துட்ட குப்பத்துக்கு அந்த அளவு உரிமை இன்னும் வரல. இது எனக்கு ரொம்ப நியாயமில்லாததா படுது, ஒரே ஆத்துல மீன் புடிக்கிற ரெண்டு ஊரு, ஒண்ணுக்கு சபை தீர்மானம், இன்னொண்ணுக்கு நியமனப் பிரதிநிதி.

அத விட பெரிய பிரச்சனை, வட சென்னையோட பெரிய கஷ்டம் எதுவும் வார்டு எல்லைக்குள்ள அடங்காது. கொடுங்கையூர் குப்பை மேடு 300 ஏக்கருக்கு மேல, இருக்குறது மண்டலம் 4ல, ஆனா வர்ற குப்பை அண்ணா நகர், அம்பத்தூர்ல இருந்தெல்லாம் வருது. பத்தி எரிஞ்சா புகை எழில் நகர்லயே நிக்காது, காத்து அடிக்கிற பக்கமெல்லாம் போகும். இத எந்த ஏரியா சபையில பேசுவீங்க? பேசலாம், தீர்மானமும் போடலாம், ஆனா முடிவு எடுக்குறது ரிப்பன் மாளிகையிலயும் கோட்டையிலயும்.

மூணாவது, சட்டப்படி நம்மள கருத்து கேட்டே ஆகணும்னு இருக்குற இடங்க. ஒண்ணு மாஸ்டர் பிளான், இன்னொண்ணு ஆலை, துறைமுகம் மாதிரி பெரிய திட்டம் வர்றதுக்கு முன்னாடி வைக்கிற பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) போட்ட ரெண்டாவது மாஸ்டர் பிளான் 2008ல வந்துச்சு, 2026 வரைக்கும்தான் அது, அடுத்த இருபது வருஷத்துக்கானது மூணாவது. எந்த சர்வே நம்பர் வீட்டு மனை, எது தொழிற்சாலை, எது நீர்நிலைன்னு அந்த மேப்புல போடுற கலர்தான் நம்ம பேரப்புள்ளைங்க எதுக்குப் பக்கத்துல வாழும்னு முடிவு பண்ணுது. டிராஃப்ட் வெளியிட்டா ஆட்சேபனை சொல்ல டைம் கொடுப்பாங்க, அப்ப நம்ம ஏரியா மேப்ப எடுத்து, குளம் எங்க இருந்துச்சு, உப்பங்கழி எது வரைக்கும் வரும், எந்த வழியா வெள்ளம் வடியும்னு வயசானவங்க கிட்ட கேட்டு குறிச்சு எழுதிக் கொடுத்தா அது ஆவணமாகும். போரான வேலைதான், ஆனா நம்ம ஆளுங்க இத விட்டுடுறதால ரியல் எஸ்டேட்காரங்க மட்டும் எழுதிக் கொடுக்குறாங்க.

கருத்துக் கேட்புக் கூட்டம் எல்லாருக்கும் தெரியும். மத்திய அரசோட 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில வருது, 30 நாள் முன்னாடி நோட்டீஸ் கொடுக்கணும், திட்டத்தோட சுருக்கம் தமிழ்ல இருக்கணும், எழுத்துலயும் ஆட்சேபனை கொடுக்கலாம், கூட்டத்துக்கு இத்தன பேர் வந்தாதான் செல்லும்னு கணக்கு கிடையாது. கடைசியா சொன்னதுதான் கவனிக்க வேண்டியது. நாம கோவத்துல வெளியே வந்துட்டா உள்ள இருக்குறவங்கள வச்சு கூட்டம் நடந்ததாவே பதிவாகிடும், அதனால உள்ள உக்காந்து பேசி, நாம சொன்னது பதிவாச்சான்னு கடைசியில வாசிக்கும்போது கேட்டுட்டுதான் வரணும். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கம் 6,111 ஏக்கர் திட்டம், 2021 ஜனவரியில கூட்டம் வச்சாங்க தள்ளிப் போச்சு, 2023 செப்டம்பர்ல மறுபடி வச்சாங்க அதுவும் தள்ளிப் போச்சு. பழவேற்காட்டுல இருந்து எண்ணூர் வரைக்கும் மீனவ கிராமங்க ஒண்ணா நின்னு எதிர்ப்பு காட்டுன திட்டம் அது. ஒரு ஊரு மட்டும் நின்னிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நாலாவது கேஸ். பசுமைத் தீர்ப்பாயத்தோட தென் மண்டல அமர்வு நம்ம சென்னையிலயே இருக்கு, நஷ்டஈடு கேக்காத மனுவுக்கு ஃபீஸ் 1,000 ரூபா, வக்கீல் இல்லாம நீங்களே கூட வாதாடலாம். ஆனா ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, பிரச்சனை நடந்த நாள்ல இருந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும், நஷ்டஈடு கேக்குறதா இருந்தா அஞ்சு வருஷம். நம்மள்ல பல பேர் கலெக்டர் ஆபீஸ் மனு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மனு, மறுபடி மனுன்னு அலைஞ்சிட்டு இந்த ஆறு மாசத்த விட்டுடுறாங்க.

கேஸால நல்லதும் நடந்திருக்கு. எண்ணூர் பக்கம் அனல் மின் நிலைய சாம்பல் ஆத்துல கலக்குறத எதிர்த்து காட்டுக்குப்பம் மீனவர் ஒருத்தர் 2016ல போன கேஸ்ல 2022ல தீர்ப்பு வந்துச்சு, மின் வாரியத்தோட தப்பு பதிவாச்சு. இது சின்ன விஷயமில்ல. ஆனா கணக்குப் பாருங்க, ஆறு வருஷம். அதுக்கப்புறம் கமிட்டி, அறிக்கை, காலக்கெடு நீட்டிப்பு. ஆறு வருஷத்துல ஒரு மீனவன் வலைய வித்துட்டு கம்பெனிக்கு காண்ட்ராக்ட் வேலைக்குப் போயிடுவான். கேஸ நடத்துறவங்க ரெண்டு மூணு பேராதான் இருப்பாங்க, மத்தவங்க எல்லாம் "கேஸ் ஓடிட்டு இருக்குல்ல"ன்னு வீட்டுல உக்காந்துடுவாங்க, அதான் எனக்கு பயமே. கேஸ் ஓடுற நேரத்துல கூட்டம் கலைஞ்சு போச்சுன்னா தீர்ப்பு வந்தாலும் அத அமல்படுத்த வைக்க ஆள் இருக்காது.

அஞ்சாவதா கூட்டமைப்பு. என் ஓட்டு இதுக்குத்தான், அதனால இத கொஞ்சம் நீளமாவே சொல்லிடுறேன்.

2023 டிசம்பர ஞாபகப்படுத்திப் பாருங்க. மாத முதல்ல மிக்ஜாம் புயல், அந்த வெள்ளத்தோட எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியா கொசஸ்தலை ஆத்துக்கு வந்து எண்ணூர் முகத்துவாரமே கறுப்பா ஆச்சு, படகு, வலை, அலையாத்தி மரத்து வேர் எல்லாத்துலயும் எண்ணெய். அத சுரண்டி முடிக்கிறதுக்குள்ள 26ஆம் தேதி ராத்திரி கடலுக்கடியில போற உர ஆலைக் குழாய்ல அம்மோனியா கசிஞ்சு பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க தூக்கத்துல எழுந்து குழந்தைங்கள தூக்கிக்கிட்டு ரோட்டுல ஓடுனாங்க. அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுங்குறதுதான் பாடம். 33 மீனவ கிராமங்க ஒண்ணா உக்காந்து போராடுச்சு, நூறு நாளுக்கு மேல. ஆலை மாசக்கணக்குல மூடிக் கிடந்துச்சு. பசுமைத் தீர்ப்பாயம் ரெண்டு விஷயத்தையும் தானாவே கேஸா எடுத்துச்சு. இந்த அளவு சத்தம் ஒரு குப்பத்தோட சங்கத்தால வராது, வந்ததுக்குக் காரணம் கிராமப் பஞ்சாயத்துங்குற பழைய அமைப்பு அங்க உயிரோட இருக்கு, ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு சேதி போனா ஆள் வரும்.

நகர்ல இருக்குற நம்மகிட்ட அந்த மாதிரி பழைய அமைப்பு இல்ல, அதனால புதுசா கட்டணும். கட்ட முடியும்ங்குறதுக்கு உதாரணம் கொடுங்கையூர். தினம் 2,100 டன் குப்பைய எரிச்சு கரண்ட் எடுக்குற எரி உலை வரப் போகுதுன்னதும் பல நகர்களோட குடியிருப்போர் நலச் சங்கங்க கூட்டமைப்பா சேர்ந்து, 2025 மே மாசம் மனித சங்கிலி நடத்துனாங்க. எனக்கு அதுல புடிச்சது என்னன்னா வெறும் வேணாம்னு மட்டும் சொல்லல, வீட்டுலயே தரம் பிரிக்கிறது, வார்டு அளவுல மக்குற குப்பைய உரமாக்குறதுன்னு என்ன வேணும்னும் சேர்த்து சொன்னாங்க. வேணாம்ங்குறதோட என்ன வேணும்னும் எழுதிக் கொடுக்குற கூட்டத்த அதிகாரிங்களால சுலபமா தட்டிக் கழிக்க முடியாது.

இப்ப கஷ்டமான பகுதி. கூட்டமைப்புல எல்லாரோட நலனும் ஒண்ணு கிடையாது. ஆலைய மூடுன்னு குப்பத்துல சொல்றாங்க, அதே தெருவுல அந்த ஆலைக்கு காண்ட்ராக்ட் வேலைக்குப் போறவர் வீடு இருக்கு, மூடுனா அவர் வீட்டு அடுப்பு எரியாது. குப்பை மேட்ட அகற்றுன்னு நகர்ல சொல்றாங்க, அந்த மேட்டுல பிளாஸ்டிக்கும் இரும்பும் பொறுக்கி பொழைக்கிற குடும்பம் பல இருக்கு. இத பேசாம கூட்டமைப்ப ஆரம்பிச்சா கம்பெனிக்காரன் வந்து ஒரு பக்கத்துக்கு வேலை தர்றேன், ஒரு பக்கத்துக்கு கோயில் கட்டித் தர்றேன், ஸ்கூலுக்கு பேக் தர்றேன்னு சொன்னதும் சுக்கு நூறாயிடும், நாம பாத்ததுதான். அதனால முதல் கூட்டத்துலயே அந்த காண்ட்ராக்ட் தொழிலாளியும், பொறுக்குற அக்காவும் மேசையில உக்காரணும். "மூடு"ங்குறதுக்குப் பதிலா பாதுகாப்பு கருவி, எச்சரிக்கை சைரன், ஆலை நின்னா நிக்கிற நாளுக்கு சம்பளம், பொறுக்குறவங்களுக்கு தரம் பிரிக்கிற இடத்துல வேலைன்னு கோரிக்கைய எழுதுனா ரெண்டு பக்கமும் ஒரே தாள்ல கையெழுத்து போடும்.

இது நம்ம மண்ணுக்குப் புதுசு இல்ல. இந்தியாவுலயே முதல் முறையான தொழிற்சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல் 27ல ஆரம்பிச்சது பெரம்பூர் பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) துணி மில்லு தொழிலாளிங்கள வச்சுதான், அதுல நின்ன திரு.வி.க. பேர்லதான் இன்னைக்கு ஆறாவது மண்டலமே இருக்கு. அதே மில்லுல 1921 ஸ்டிரைக்ல சாதிய வச்சு தொழிலாளிங்கள ரெண்டா உடைச்சாங்கங்குறதும் நம்ம வரலாறுதான். சேந்ததும் இங்கதான், உடைஞ்சதும் இங்கதான், அதனாலதான் யார் யார் மேசையில உக்காரணும்ங்குறதுல நான் இவ்வளவு அழுத்துறேன்.

கட்சி விஷயம் ஒண்ணு. கூட்டமைப்புல எல்லா கட்சிக்காரங்களும் இருப்பாங்க, இருக்கட்டும், வட சென்னையில கட்சி இல்லாத ஆள தேடுனா யாருமே கிடைக்க மாட்டாங்க. பொறுப்புல இருக்குறவங்க மட்டும் கட்சி பதவியில இருக்கக்கூடாதுன்னு ஒரு விதி போதும். காசு விஷயத்துல இன்னும் கறாரா இருக்கணும், கம்பெனிங்க சமூக சேவைன்னு ஒதுக்குற சிஎஸ்ஆர் பணம் ஒரு ரூபா கூட வேணாம், வீட்டுக்கு மாசம் பத்து இருபது ரூபா வசூல் பண்ணி கணக்க குரூப்புல போட்டுடுங்க.

அப்போ எத எடுக்குறது? தெரு அளவு பிரச்சனைன்னா ஏரியா சபை, சந்தேகமே வேணாம். ஏற்கனவே ஒரு ஆபத்து நடந்துடுச்சு, கையில போட்டோ, தேதி, ஆஸ்பத்திரி சீட்டு, தண்ணி சாம்பிள் ரிசல்ட் இருக்குன்னா ஆறு மாசத்துக்குள்ள தீர்ப்பாயம், ஆனா கூட்டமைப்பு பேர்ல, தனி ஆளா வேணாம், தனி ஆளுக்கு வர்ற மிரட்டல் வேற மாதிரி இருக்கும். புதுசா ஒரு ஆலையோ துறைமுகமோ வரப் போகுதுன்னா கருத்துக் கேட்புக் கூட்டம். எதுவுமே இப்ப நடக்கல, ஊரு அமைதியாதான் இருக்குன்னா அதுதான் கூட்டமைப்பு கட்ட சரியான நேரம், ஏன்னா நெருப்பு பத்துன அன்னைக்கு ஆள் சேரும், ஆனா அந்தக் கூட்டம் ரெண்டு மாசத்துக்கு மேல தாங்காது. நலச் சங்கம் இதுக்கெல்லாம் அடித்தளம், அது இல்லாம கூட்டமைப்புக்கு யார அனுப்புறதுன்னே தெரியாது, ஆனா சங்கத்தோட நின்னுட்டா நம்ம தெரு விளக்கு எரியும், அவ்வளவுதான்.

நேரம் ரொம்ப கம்மியா இருக்குறவங்களுக்கு நான் சொல்றது ரெண்டு வேலை மட்டும். இருக்குற சங்கத்துல வாடகைக்காரங்களையும் வாரியக் குடியிருப்பையும் சேத்துட்டு பக்கத்து நாலு சங்கத்தோட மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உக்காருங்க. ஏரியா சபைக்கு வருஷத்துக்கு நாலு நாள் போங்க. மத்த மூணும் தேவைப்படும்போது அந்தக் கூட்டத்துல இருந்தே கிளம்பும்.

2022ல வந்த கவுன்சிலோட அஞ்சு வருஷம் 2027 தொடக்கத்துல முடியுது, போன தடவ மாதிரி தேர்தல் தள்ளிப் போனா சபையும் வார்டு கமிட்டியும் என்ன ஆகும்ங்குற கேள்வி இருக்கு, அதனால சபைய மட்டும் நம்பி உக்காராதீங்க. இந்த வாரமே பண்ணக்கூடியது ஒண்ணு: உங்க மண்டல ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுங்க, பத்து ரூபா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுனா போதும், 30 நாள்ல பதில் வரணும். மூணு கேள்வி கேளுங்க. எங்க வார்டுல பத்து ஏரியா சபைக்கும் பிரதிநிதி யாரு, இது வரைக்கும் எந்தெந்த தேதியில கூட்டம் நடந்துச்சு, அந்தக் கூட்டங்களோட மினிட்ஸ் நகல் தாங்க. பதில் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்து டீக்கடை, ரேஷன் கடை, மீன் மார்க்கெட் சுவர்ல ஒட்டிடுங்க.